சாந்துபோங் முனை: மலையும் கடலும் மறந்துபோன மனிதரும்

(தோட்டப் பொது மண்டபம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பகலெல்லாம் உழைத்துக் களைத்த பின்னரும் இம்மண்டபத்தில் இத்துணைப் பேர் கூடியிருப்பது நமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கின்றது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாந்துபோங் என்னும் தீபகற்பம். "தகவல் அதிகாரி வந்தால் பிறப்புப் பத்திரம், வாக்காளர் பதிவு, டிங்கிக் காய்ச்சல் என்று ஏதேனும் சொல்வார். இவரோ கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு மலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே!" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதற்கான விடையை உரையின் முடிவில் நீங்களே கண்டுகொள்வீர்கள். அதுவரை சற்றே பொறுமை காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மூன்று பக்கம் நீரும் ஒரு பக்கம் நிலமும் சூழ்ந்த பகுதியைத் தீபகற்பம் என்கிறோம். இது மாணவர்களுக்குத் தெரியும். நாம் வாழும் மேற்கு மலேசியாவே ஒரு பெரிய தீபகற்பம்தான். சாந்துபோங்கோ மிகச் சிறியது. அது நம் நாட்டின் மிகப் பெரிய மாநிலமாகிய சரவாக்கில், கூச்சிங் நகரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், தென்சீனக் கடலுக்குள் நீண்டு நிற்கின்றது. 1963 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 ஆம் நாள் மலேசியா அமைந்தது முதல் சரவாக் நம் நாட்டின் பகுதியாகும். ஆயினும் தோட்டப்புறத்தில் வாழும் நம்முள் எத்தனை பேர் அம்மண்ணை மிதித்திருக்கிறோம்? விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். இருந்தும், ஏதோ அயல்நாட்டைப் பற்றிப் பேசுவதைப் போலவே அதனைப் பற்றிப் பேசி வருகிறோம். சென்ற ஆண்டின் பள்ளி விடுமுறையில், ஆசிரியப் பணியில் உள்ள நம் பழைய நண்பர்கள் சிலரோடு நாம் அங்குச் சென்று வந்தோம். கண்டதையும் கற்றதையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

மலையும் கடலும்

கூச்சிங்கை விட்டு வடக்கே செல்லும் சாலையில் சற்றுத் தூரம் போனதுமே மலை கண்ணில் படுகின்றது. இருமருங்கும் தாழ்ந்த சதுப்பு நிலம், கண்டல் மரங்கள், நிப்பா கீற்றுகள். அவற்றுக்கு அப்பால் தன்னந்தனியாக ஒரு மலை நிமிர்ந்து நிற்கின்றது. அதன் உயரம் 810 மீட்டர். கேமரன் மலையைக் கண்டவர்களுக்கு இந்த உயரம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் இம்மலை கடல் மட்டத்திலிருந்தே எழுகின்றது. அடிவாரத்தில் நிற்பவர் ஒரு காலைக் கடல் நீரிலும் மறுகாலை மலைச் சரிவிலும் வைக்கலாம் என்று சொன்னால் அது மிகையாகாது. அதனாலேயே 810 மீட்டர் உயரமும் ஒருங்கே நம் கண்முன் வந்து நிற்கின்றது. நண்பகலுக்குள் முகில் வந்து உச்சியை மூடிவிடும். மாலையில் அது விலகும்போது மலை நீல நிறமாகிக் கடலோடு கலந்துவிடும்.

மலை பெரும்பாலும் மணற்பாறையால் ஆனது. மழையும் அலையும் அறுத்தறுத்து, கரையெங்கும் வீடளவு பாறைகள் உருண்டு கிடக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் கடல் கொந்தளிக்கும். சிறு படகுகள் கரையேறிவிடும். மற்றக் காலங்களில் சாந்துபோங், புந்தால் ஆகிய சிற்றூர்களின் மீனவர்கள் விடியுமுன் வலையோடு புறப்படுகிறார்கள். ஆற்று முகத்துவாரத்தில், தட்டை மூக்குடைய ஐராவதி டால்பின்கள் மூச்சு விடுவதற்காக நீர்மேல் வந்து மறைகின்றன. கண்டல் காட்டில் நீள்மூக்குக் குரங்கு வாழ்கின்றது. போர்னியோத் தீவையன்றி உலகில் வேறெங்கும் அதனை இயற்கையாகக் காண முடியாது. தொங்கும் மூக்கும் பானை வயிறுமாக இருக்கும் அக்குரங்கிற்கு மலாய் மக்கள் இட்ட பெயர் 'மோன்யெட் பெலாண்டா', அதாவது 'டச்சுக்காரக் குரங்கு' என்பதாம். அக்காலத்து வெள்ளையரின் முகத்தை அவர்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மலையேறும் பாதை மிகவும் செங்குத்தானது. உச்சியை நெருங்கும்போது கயிற்று ஏணிகளைப் பற்றிக்கொண்டே ஏற வேண்டும். நாற்பதைத் தாண்டிய நாம் அருவி வரை ஏறி, "இயற்கை எழிலை அமைதியாக நுகர்வோம்" என்று அங்கேயே அமர்ந்துவிட்டோம். உடன் வந்த இளைஞர்கள் உச்சி வரை போய்த் திரும்பினார்கள். 2007 ஆம் ஆண்டு முதல் இம்மலைப் பகுதி தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

உலக்கையும் தறியும்

இம்மலைக்கு ஒரு கதை உண்டு. சரவாக்கில் அதனை அறியாத குழந்தை இல்லை எனலாம். வானுலகிலிருந்து இரண்டு இளவரசிகள் பூமிக்கு வந்தார்களாம். ஒருத்தி சாந்துபோங், மற்றொருத்தி செஜிஞ்சாங். சாந்துபோங் பகல் முழுதும் தறியில் துணி நெய்வாள். செஜிஞ்சாங் நெல் குத்துவாள். இருவரும் உடன்பிறந்தவர்களைப் போல ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். அப்போது செராப்பி என்னும் இளவரசன் வந்தான். இருவர் மனமும் அவனை நாடியது. வாய்ச்சண்டை கைச்சண்டையாயிற்று. செஜிஞ்சாங் உலக்கையை ஓங்கிச் சாந்துபோங்கின் கன்னத்தில் அடித்தாள். சாந்துபோங் தன் தறியின் நெசவுப் பலகையை எறிந்தாள். அது செஜிஞ்சாங்கின் தலையில் பட்டது. வானவர் சினந்து இருவரையும் மலைகளாக்கிவிட்டனர். சாந்துபோங் மலையின் பக்கவாட்டில் இன்றும் காணப்படும் பள்ளம் உலக்கை பட்ட கன்னமாம். செஜிஞ்சாங்கோ நொறுங்கிச் சிதறிக் கடலில் கேரா, சாத்தாங், தாலாங்-தாலாங் முதலிய தீவுகளாகிவிட்டாளாம். இளவரசன் செராப்பியும் மலையாகி, கூச்சிங்கிற்கு மேற்கே தனியே நிற்கின்றான். அந்தச் செராப்பி மலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அங்குச் செல்லப் போகிறோம்.

பொறாமை நட்பைக் கெடுக்கும் என்பது இக்கதையின் நீதி. ஆனால் நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. இளவரசிகள் என்று கதை சொன்னாலும், அவர்கள் கையில் இருந்தவை உலக்கையும் தறியும் அல்லவா? உழைக்கும் பெண்கள் தங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தங்களைப் போன்ற இருவரைப் பற்றியே இக்கதையைச் சொல்லி வந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகின்றது.

மண்ணுக்குள் கிடந்த பட்டினம்

கதை ஒருபுறம் இருக்க, மண் சொல்லும் வரலாற்றைக் கேட்போம். கடலில் வரும் மாலுமிக்கு இரண்டு பொருள்கள் தேவை. தொலைவிலிருந்தே கண்டுகொள்ளத்தக்க ஓர் அடையாளம் ஒன்று. காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்க ஓர் இடம் மற்றொன்று. சாந்துபோங்கில் மலை அடையாளமாயிற்று, ஆற்று முகத்துவாரம் ஒதுங்குமிடமாயிற்று. எனவே, கூச்சிங் என்னும் நகரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு ஒரு வணிகத் துறை தழைத்திருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், சரவாக் அரும்பொருளகத்தின் பொறுப்பாளராக இருந்த டாம் ஹாரிசன் என்பாரின் தலைமையில் இங்கு அகழாய்வு நடைபெற்றது. சுங்கை ஜாவோங், பொங்கிஸ்ஸாம், புக்கிட் மாராஸ் எனப் பல இடங்களில் மண்ணைத் தோண்டினர். சீனத்துப் பீங்கான் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை சோங் மரபினர் சீனத்தை ஆண்ட காலத்தைச் சேர்ந்தவை. ஆனால் பின்னர் வந்த மிங் காலத்துப் பீங்கான் அங்கே அரிதிலும் அரிது. இதனைக் கொண்டு, பதினான்காம் நூற்றாண்டின் அளவில் இத்துறை கைவிடப்பட்டது என்று ஆய்வாளர் கணித்தனர். உடைந்த ஒரு சட்டியின் ஓடும் ஒரு பட்டினத்தின் முடிவைச் சொல்லுமென்றால், பழம்பொருளைக் கண்டதும் தூக்கி எறியலாமா?

பீங்கானைவிடப் பெருமளவில் கிடைத்தது எது தெரியுமா? இரும்புக் கிட்டம், அதாவது தாதுவை உருக்கும்போது கழிந்துபோகும் கசடு. அது அங்கே அடுக்கடுக்காக மண்ணுள் புதைந்து கிடந்தது. அதனோடு களிமண்ணால் செய்த உருளை வடிவத் துண்டுகளும் கிடைத்தன. அவை உலோகம் உருக்கும் மூசைகள் என்றனர் சிலர். துருத்தியிலிருந்து உலைக்குக் காற்றைச் செலுத்தும் குழாய்கள் என்றனர் வேறு சிலர். அத்தொழிலின் அளவு குறித்தும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், அனல் பறக்கும் உலைகளின் முன் நின்று பல தலைமுறையினர் அங்கே உழைத்தனர் என்பதில் ஐயமில்லை. காடு வெட்டியவர், கரி சுட்டவர், தாது சுமந்தவர், துருத்தி ஊதியவர் என எத்தனையோ பேர்! அவர்களுள் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் விட்டுச் சென்றது கசடு மட்டுமே.

சுங்கை ஜாவோங்கில் ஒரு பாறை இருக்கின்றது. 'பத்து காம்பார்', அதாவது 'சித்திரக் கல்' என்று அதற்குப் பெயர். கைகால்களை அகல விரித்த ஒரு மனித உருவம் அதில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. செதுக்கியவன் யார், எதற்காகச் செதுக்கினான் என்பதை அக்கல் சொல்லவில்லை. மழைநீர் அதன்மேல் வழிந்துகொண்டே இருக்கின்றது.

1966 ஆம் ஆண்டு பொங்கிஸ்ஸாமில் இன்னொரு புதுமை வெளிப்பட்டது. கற்களால் அமைத்த சதுரமான மேடையொன்று. அதன் நடுவே மண்ணுள் ஒரு சிறு வெள்ளிப் பேழையும் பொன் தகட்டுத் துண்டுகளும் மணிகளும் வைக்கப்பட்டிருந்தன. அது பௌத்த சமயத்தின் தாந்திரிக மரபைச் சேர்ந்த வழிபாட்டிடம் என்பது ஆய்வாளர் கொண்ட முடிவு. இங்கே ஆலய நிர்வாகத்தினர் அமர்ந்திருக்கிறீர்கள். கோயில் எழுப்பும்போது அடித்தளத்தில் பொன்னும் மணியும் இட்டு வைக்கும் சடங்கு உங்களுக்குப் புதியதன்று. கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில், புக்கிட் பத்து பஹாட் சண்டியின் அடித்தளத்திலும் இவ்வாறே பேழைகள் கிடைத்தன. ஆக, இந்திய மண்ணில் பிறந்த ஒரு வழக்கம், மெர்போக் ஆற்றங்கரைக்கும் வந்தது. கடல் கடந்து சாந்துபோங் அடிவாரத்திற்கும் வந்தது. வந்தவர் வணிகரோ துறவியரோ, அவர்தம் பெயரும் மறைந்துபோயிற்று.

சுல்தானும் ராஜாவும்

பெயர் நிலைத்தவர்களும் உண்டு. புருணை அரச மரபைச் சேர்ந்த சுல்தான் தெங்ஙா என்பவர் 1599 ஆம் ஆண்டில் சரவாக்கின் சுல்தானாக வந்தமர்ந்தார். சரவாக்கிற்கு அவருக்கு முன்னும் சுல்தான் இல்லை, பின்னும் இல்லை. 1641 ஆம் ஆண்டு சாந்துபோங்கில் அவர் கொலையுண்டார். அவருடைய அடக்கத்தலம் இன்றும் அங்கே பேணப்பட்டு வருகின்றது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1839 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜேம்ஸ் புரூக் என்னும் ஆங்கிலேயர் 'ராயலிஸ்ட்' என்ற பாய்மரக் கப்பலில் சரவாக் ஆற்றுக்குள் நுழைந்து கூச்சிங்கை அடைந்தார். 1841 இல் அவரே சரவாக்கின் ராஜாவானார். புரூக் குடும்பத்தினர் மூவர் அடுத்தடுத்து ஆண்ட வரலாற்றைப் பள்ளி நூல்களில் படிக்கலாம்.

நாம் சொல்ல விரும்புவது அந்த ராஜாவின் விருந்தினராக வந்த ஒருவரைப் பற்றி.

மழைக்காலத்து வீடு

அவர் பெயர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். மாணவச் செல்வங்கள் இதனைக் கவனமாகக் கேட்க வேண்டும். வறுமையின் காரணமாக அவர் பதினான்கு வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். பல்கலைக்கழகத்தின் வாயிலில் மாணவராக அடியெடுத்து வைத்தவரல்லர். நில அளவையாளராக உழைத்து, பின்னர் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில் வண்டுகளையும் பறவைகளையும் சேகரித்தார். 1852 இல் தாயகம் திரும்பும்போது கப்பல் தீப்பற்றியது. நான்கு ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி கடலோடு போயிற்று. வேறொருவராக இருந்தால் அத்தோடு மனம் உடைந்திருப்பார். அவரோ இரண்டே ஆண்டுகளில் நம் பகுதிக்குப் புறப்பட்டு வந்தார்.

1855 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடும் மழைக்காலத்தில், அவர் சாந்துபோங் மலையடிவாரத்தில் ஆற்று முகத்துவாரத்தின் அருகே ஒரு சிறு வீட்டில் தங்கியிருந்தார். வெளியே செல்ல இயலாத மழை. அவருக்குத் துணையாக இருந்தவன் சமையல் செய்த ஒரு மலாய்ச் சிறுவன் மட்டுமே. மாலை நேரங்களில் நூல்களைப் புரட்டிக்கொண்டு, நெடுங்காலமாகத் தம் உள்ளத்தில் கிடந்த ஒரு வினாவை எண்ணிப் பார்த்தார். ஒன்றுக்கொன்று உறவுடைய உயிரினங்கள் ஒரே வட்டாரத்தில் காணப்படுவது ஏன்? மண்ணடுக்குகளிலும் அவை ஒன்றன்பின் ஒன்றாக அடுத்தடுத்துக் காணப்படுவது ஏன்? ஒரு பெரிய குடும்பம் ஓர் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கிளைத்துப் பரவுவதைப் போலவே, புதிய உயிரினமும் தனக்கு நெருங்கிய உறவுடைய முந்தைய இனம் இருந்த இடத்தை ஒட்டியும் காலத்தை ஒட்டியுமே தோன்றுகின்றது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிப்ரவரியில் அக்கட்டுரையை எழுதினார். செப்டம்பரில் அது இலண்டன் ஏடொன்றில் வெளிவந்தது. இன்று அறிவியலார் அதனைச் 'சரவாக் விதி' என்றே அழைக்கின்றனர்.

இதே துறையில் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து கொண்டிருந்த சார்ல்ஸ் டார்வினின் கவனத்திற்கு அக்கட்டுரையைக் கொண்டு சென்றவர் நில நூலறிஞர் சார்ல்ஸ் லயல். 1858 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், பரிணாமக் கொள்கை பற்றி டார்வினும் வாலஸும் தனித்தனியே எழுதியவை இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. உலகின் சிந்தனையை மாற்றிய அக்கொள்கையின் பாதையில் ஒரு படிக்கல் நம் நாட்டின் சாந்துபோங்கில் இடப்பட்டது என்பது நாம் அனைவரும் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

இனி அந்தச் சமையற்காரச் சிறுவனிடம் வருவோம். மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டியவன் அவன். அவன் சோறு ஆக்கவில்லையேல் அந்த மாலைகளில் சிந்தனை ஏது? அக்கட்டுரையை உலகம் போற்றுகின்றது. அவன் பெயரை உலகம் அறியாது.

வாலஸுக்குச் சரவாக்கிலேயே இன்னொரு துணைவர் கிடைத்தார். அவர் அலி என்னும் மலாய் இளைஞர். பணியாளாகச் சேர்ந்த அவர் படிப்படியாகப் பறவைகளைச் சுடவும், தோலை உரித்துப் பதப்படுத்தவும், படகு செலுத்துவோரையும் வேலையாள்களையும் நடத்தவும் கற்றுத் தேர்ந்தார். எட்டு ஆண்டுகளில் வாலஸ் நம் தீவுக்கூட்டத்தில் திரட்டியவை 1,25,000க்கும் மேற்பட்ட உயிரினச் சான்றுகள். அவற்றுள் பறவைகள் பலவற்றின் பின்னே அலியின் கைகள் உள்ளன. 1858 இல் பாச்சான் தீவில், இதுகாறும் அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப் பறவையைக் காட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்தவர் அவரே. அப்பறவைக்கு இன்று வழங்கும் பெயரோ வாலஸின் பெயர். எனினும் வாலஸ் நன்றி மறந்தவரல்லர். 1862 இல் சிங்கப்பூரில் இருவரும் பிரிந்தபோது அலியைப் புகைப்படம் எடுக்கச் செய்தார். தம் நூலில் அவரைப் பற்றி எழுதினார். 1907 ஆம் ஆண்டு தெர்னாத்தே தீவுக்குச் சென்ற அமெரிக்க அறிவியலாளர் ஒருவரை முதியவர் ஒருவர் அணுகி, தாம் 'அலி வாலஸ்' என்று அறிமுகம் செய்துகொண்டாராம். ஒருவர் எழுதி வைத்ததனால் அலி இன்றும் வாழ்கிறார். எவரும் எழுதி வைக்காததனால் அந்தச் சமையற்காரச் சிறுவன் மறைந்துபோனான். வேறுபாடு அவ்வளவே.

செராப்பி மலையில் ஓர் அம்மன்

இப்போது செராப்பி மலைக்கு வருவோம். இரண்டாவது ராஜாவாகிய சார்ல்ஸ் புரூக் 1868 முதல் 1917 வரை சரவாக்கை ஆண்டார். அவர் காலத்தில் செராப்பியைச் சார்ந்த மாத்தாங் மலைச்சரிவுகளில் தேயிலையும் காப்பியும் பயிரிடப்பட்டன. அக்காட்டை வெட்டிக் கன்று நட்டவர்கள் யார்? நம்மவர்களே. கடல் கடந்து அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களே. அவர்கள் மலைமீது பெலியான் என்னும் வைரம் பாய்ந்த மரத்தைக் கொண்டு தங்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுப்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தோட்டம் மூடப்பட்டது. பலர் தாயகம் திரும்பினர். சிலர் கூச்சிங்கில் தங்கினர். மலையைக் காடு மூடியது. கோயிலையும் மூடியது. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அக்கோயில் மீண்டும் கண்டறியப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. இன்று பக்தர்கள் மலையேறிச் சென்று வழிபட்டு வருகின்றனர்.

நாமும் அப்பாதையில் ஏறினோம். அம்மன் முன் நின்றபோது ஓர் எண்ணம் நம்மை வாட்டியது. கோயில் இருக்கின்றது. கட்டியவர் யார்? எந்த ஊரினர்? இக்குளிரிலும் மழையிலும் யார் மாண்டார், யார் மீண்டார்? சாந்துபோங்கில் இரும்பு உருக்கியவர்கள் ஓராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள். அவர்களின் பெயர் கிட்டாதது இயல்பு. இவர்களோ நேற்றைய மனிதர். நம் பாட்டன் பாட்டியரின் காலத்தை ஒட்டியவர்கள். இவர்களின் பெயரும் அல்லவா கசடோடு கசடாகக் காட்டில் புதைந்துவிட்டது!

நாம் செய்ய வேண்டியது

அன்பர்களே! ஓர் உண்மையை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நாமும் தோட்டத்து லயத்தில் பிறந்தவரே. நம் பாட்டனார் காடு வெட்டிப் பால்மரக் கன்று நட்டவர்களுள் ஒருவர். விடியற்காலை பெரட்டுக்கு நின்று, நாள்தோறும் பால் வெட்டிக் காண்டா சுமந்தே தோள் காய்த்துப் போனவர். பின்னாளில் நாம் ஆசிரியப் பயிற்சி பெற்று, வகுப்பறையில் நின்று, மூன்று புரூக் ராஜாக்களின் பெயர்களை ஆண்டுகளோடு மனப்பாடம் செய்யுமாறு பிள்ளைகளிடம் சொன்னோம். ஆனால் நம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியபோது அவர் இல்லை. அந்தத் தோட்டமும் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. செக்ரோல் புத்தகத்தில் அவர் ஒரு பெயராக இருந்தார். அப்புத்தகமும் எங்கோ போயிற்று. நம்மிடம் எஞ்சியிருப்பது அவர் பிடித்த பால்வெட்டுக் கத்தி ஒன்றே. சாந்துபோங்கில் அந்த இரும்புக் கிட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோது நமக்கு அந்தக் கத்தியே நினைவுக்கு வந்தது.

எனவே இளைஞர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். இதற்குப் பணம் வேண்டியதில்லை, எவரிடமும் மனுச் செய்ய வேண்டியதில்லை. ஓர் எழுத்துப் புத்தகமும் பேனாவும் போதும். கைத்தொலைபேசி இருந்தால் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் லயத்தில் உள்ள மூத்தவரிடம் போய் அமர்ந்து ஐந்து வினாக்களைக் கேளுங்கள்.

முதலாவது, உங்கள் பெயர் என்ன, உங்கள் தாய் தந்தையர் பெயர் என்ன? இரண்டாவது, குடும்பம் எந்த ஊரிலிருந்து, யாரோடு, எப்படி வந்தது? மூன்றாவது, இத்தோட்டத்தில் எந்தக் காட்டில், என்ன வேலை செய்தீர்கள்? நான்காவது, இந்தக் கோயிலையும் பள்ளியையும் எழுப்ப முன்னின்றவர் யார் யார்? ஐந்தாவது, இங்கே பிறந்து இறந்தவர்கள் எங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்? கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள். நாளையும் குறித்து வையுங்கள். ஒரு படியைப் பள்ளியிலும் மற்றொரு படியைக் கோயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய படங்களின் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதி வையுங்கள். மண்ணைத் தோண்டும்போது பழம்பொருள் ஏதும் கிடைத்தால், அதனை வீட்டுக்குக் கொண்டு செல்லவோ விற்கவோ வேண்டா. கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட அதிகாரியிடம் தெரிவியுங்கள். 2005 ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இதனை நம் கடமையாகவே ஆக்கியுள்ளது. பொருளை எடுத்துவிட்டால் பொருள் மட்டும் மிஞ்சும். அது கிடந்த இடத்தோடு சேர்ந்து கிடந்தால்தான் வரலாறு மிஞ்சும்.

வாய்ப்புக் கிட்டுவோர் சரவாக்கிற்கு ஒருமுறை சென்று வாருங்கள். சாந்துபோங்கின் கடற்கரையில் மாலை வேளையில் நின்று மேற்கே பாருங்கள். நொறுங்கிய இளவரசி தீவுகளாய்க் கிடப்பாள். தென்மேற்கே செராப்பி தெரியும். அதன் சரிவில் நம்மவர் எழுப்பிய கோயில் ஒன்று உண்டு என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

முன்வரிசையில் ஒரு பாட்டியார் தொடக்கம் முதலே கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இக்கூட்டம் முடிந்ததும் தேநீர் அருந்தும் வேளையில் நாம் அவரருகே போய் அமர்ந்து, அந்த ஐந்து வினாக்களையும் கேட்டு எழுதப் போகிறோம். எழுத விரும்பும் மாணவர்கள் புத்தகத்தோடு வந்து உடன் அமரலாம்.